மாடு நன்றாகத் தின்கிறது, பால் மட்டும் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துத் தீவனத்தைச் சரிசெய்வது

பால் குறைந்தால் நம்மூரில் முதலில் மாறுவது தீவன மூட்டைதான். ஒரு கம்பெனி போய் இன்னொரு கம்பெனி வரும், பத்து நாள் பார்ப்பார்கள், மறுபடி வேறொன்று. ஆனால் குமரி மாவட்டத்தில் ஒரு பசுவின் தொட்டிக்குள் தினமும் என்னென்ன போகிறது என்று எழுதிப் பாருங்கள்: கஞ்சித்தண்ணி, மரச்சீனித் (மரவள்ளிக் கிழங்குத்) தொலி, வாழைத்தடை (வாழைமரத் தண்டு), சீசனில் சக்கை (பலா) மடல், மழையில் நனைந்த புல், மேலே ரெண்டு கை தேங்காய்ப் புண்ணாக்கு. மாவுச்சத்தும் தண்ணீரும் நிறைய, புரதமும் நாரும் தாது உப்பும் கொஞ்சம். வயிறு நிறைந்துவிடும், மாடும் கத்தாது, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று குறைந்துகொண்டே இருக்கும். எது குறைகிறது என்று மாடே காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்துப் பிடிப்பதற்குத்தான் இது.

ஆரம்பிக்கும் முன் ரெண்டு கேள்வி. கடந்த பத்து நாளில் தீவனத்தில் எதையாவது திடீரென்று மாற்றினீர்களா? தண்ணீர் எந்நேரமும் கிடைக்கிறதா, இல்லை காலையிலும் மாலையிலும் மட்டும் காட்டுகிறீர்களா? கறவை மாட்டுக்கு ஒரு லிட்டர் பாலுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும், உடம்புக்கு வேண்டியது தனி. இந்த ரெண்டில் ஒன்று கோளாறாக இருந்தால் கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

உயிர் போகிற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தின்ற கொஞ்ச நேரத்தில் மூச்சிரைப்பு, தள்ளாட்டம், விழுதல்

மரச்சீனி இலையா தொலியா என்று உடனே பாருங்கள். கருங்கல், கிள்ளியூர், விளவங்கோடு பக்கம் கிழங்கு பிடுங்கும் நாளில் இலையும் தண்டும் வரப்பில் குவிந்து கிடக்கும், ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மேய்ந்துவிடும், அல்லது நாமே "பச்சையாக் கிடக்கே" என்று அள்ளிப் போட்டுவிடுவோம். மரச்சீனிக்குள் லினமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இலை நசுங்கியதும் அதிலிருந்து சயனைடு வெளிவரும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போய்விடும். அதனால்தான் ஈறும் கண்ணின் உள்சதையும் முதலில் நல்ல சிவப்பாகத் தெரியும், மாடு மூச்சுக்குத் தவிக்கும், வாயில் நுரை வரும், வெட்டு (வலிப்பு) வந்து விழும். கசப்பு ரகத்தில் விஷம் கூடுதல், கிழங்கின் சதையைவிடத் தொலியிலும் இலையிலும் கூடுதல்.

இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. புளித்தண்ணி, மோர் என்று கரைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் மாடு போய்விடும். மாட்டாஸ்பத்திரிக்குப் போன் செய்யும்போதே "மரச்சீனி இலை தின்றுவிட்டது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசிகளை டாக்டர் கையோடு கொண்டு வர அதுதான் உதவும். நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962.

சரி, மரச்சீனி இலையே கூடாதா? கூடாது என்று சொல்ல மனசு வராது, ஏனென்றால் காய்ந்த இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது, தவிட்டில் அவ்வளவு கிடையாது. இலையை நறுக்கி, மெல்லிய படுகையாக விரித்து, கையில் எடுத்தால் நொறுங்குகிற வரை நல்ல வெயிலில் காயவைத்தால் விஷம் பெருமளவு போய்விடும். குவித்துப் போட்டு வாடவிட்ட இலை காய்ந்த இலை ஆகாது. அரைகுறையாக வாடியதுதான் பல சமயம் ஆபத்து. கிழங்கையும் சீவி உலர்த்திக் கொடுக்கலாம், எரிசக்திக்கு மக்காச்சோளத்துக்குக் கிட்டத்தட்ட வரும், ஆனால் புரதம் 2, 3 சதவீதம்தான் என்பதால் கூடவே நல்ல புண்ணாக்கு போயாக வேண்டும். ஜூன், ஜூலை மழையில் இலை காயாது என்றால் விட்டுவிடுங்கள்.

ரப்பர் இலையிலும் இதே விஷம் உண்டு. குலசேகரம், திருவட்டார் பக்கம் மரம் முறித்துப் போட்ட இடத்தில் ஆட்டை அவிழ்த்து விடாதீர்கள். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் தீவனச்சோளம் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்: பூக்கும் முன்னால் உள்ள இளம்பயிர், தண்ணி இல்லாமல் குறுகி வாடின பயிர், வெட்டிய பிறகு துளிர்க்கிற குருத்து மூன்றும் சோளத்தில் ஆபத்து.

இடது பக்க வயிறு புடைத்திருக்கிறது

மூன்று காரணம் இருக்கலாம், மூன்றுக்கும் கையால் தொட்டே பாதி கண்டுபிடிக்கலாம்.

இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள பள்ளம் மேடாகி, விரலால் சுண்டினால் கொட்டு மாதிரி சத்தம் வந்தால் காற்று. ஈரத்தோடு பயறுக்கொடியோ இளம்புல்லோ வெறும் வயிற்றில் நிறையத் தின்றால் வரும். ரப்பர் தோட்டத்தில் படரவிடும் பயறுக்கொடி புரதம் நிறைந்த நல்ல தீவனம்தான், ஆனால் அதுவே முழுச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது, முதலில் கொஞ்சம் வைக்கோல் போட்டுவிட்டுக் கொடுங்கள். மாட்டை முன்கால் உயரமாக இருக்கும்படி மேட்டில் நிறுத்தி, நின்றுகொண்டு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 200 முதல் 250 மில்லி சமையல் எண்ணெய் மெல்ல மெல்லப் புகட்டலாம், நுரை உடையும். மூச்சு திணறினால் எண்ணெய்க்குக் காத்திருக்க வேண்டாம், டாக்டர் வந்து குத்திக் காற்றை எடுக்க வேண்டியிருக்கும்.

வயிறு உப்பியிருக்கிறது, கூடவே எச்சில் கயிறாக ஒழுகுகிறது, கழுத்தை நீட்டி நீட்டி இருமுகிறது என்றால் தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது. மாங்கொட்டை, மரச்சீனித் துண்டு, சக்கைக் கொட்டை. இதற்கு எண்ணெய், தண்ணி எதுவும் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

மூன்றாவது, நம்மூருக்கே உரியது. வயிற்றை அழுத்தினால் உள்ளே தண்ணீர் குலுங்குகிற மாதிரி இருக்கும், அசை போடாது, புளித்த நாற்றத்தோடு சாம்பல் நிறத்தில் கழியும், கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். கல்யாண வீட்டு மிச்சச் சோறு, விழுந்த சக்கைப்பழம், ஒரு சருவம் பழங்கஞ்சி, இப்படி ஒன்று உள்ளே போயிருக்கும். மாவும் சர்க்கரையும் மொத்தமாகப் போனால் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கிவிடும், நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மாடு நின்றுகொண்டிருந்தால் 100, 150 கிராம் ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், இது முதலுதவி மட்டும்தான். மிச்சச் சோறு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ரெண்டு கை, வைக்கோலுக்குப் பிறகு. "அன்னம், வீணாக்கக் கூடாது" என்று மாட்டின் வயிற்றில் கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, கோழிக்குக் கொஞ்சம் போடுங்கள், மீதி உரக்குழிக்குப் போகட்டும்.

கன்று ஈன்று ஒன்றிரண்டு நாளில் எழ மாட்டேன் என்கிறது

காது சில்லென்று இருக்கும், தலையை விலாப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படுத்திருக்கும். மூன்றாவது ஈற்றுக்கு மேல், நல்ல கறவை உள்ள மாட்டில்தான் பெரும்பாலும் வரும். சீம்பால் திடீரென்று இழுக்கிற அளவுக்குச் சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்து உடம்பால் உடனே எடுத்துத் தர முடியவில்லை. நரம்பில் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் அங்கேயே எழுந்துவிடும், ஆனால் அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். இந்த நிலையில் மாட்டுக்கு விழுங்கும் சக்தி குறைவு, வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இதில் நம்ப முடியாத மாதிரி ஒரு விஷயம் உண்டு: ஈனுவதற்கு முந்தைய ரெண்டு மூன்று வாரம் கால்சியம் டானிக்கை அள்ளி ஊற்றினால் இது வரும் வாய்ப்பு கூடுகிறது. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போது எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு மந்தமாக்கிவிடுகிறது. டானிக் ஈன்ற பிறகு போதும்.

ஈன்று மூன்று நான்கு வாரம் கழித்து வேறொன்று வரும். அடர்தீவனத்தை (புண்ணாக்கு, தவிடு, மாவு கலந்தது) ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கடிக்கும், வேகமாக மெலியும், மூச்சில் பழம் அழுகின மாதிரி இனிப்பு வாடை. பாலுக்குப் போகிற அளவுக்கு எரிசக்தி உள்ளே வராததால் சொந்தக் கொழுப்பைக் கரைக்கிறது. குளுக்கோஸ் ஏற்ற டாக்டர் வேண்டும், அதன்பின் தீவனத்தில் மக்காச்சோள மாவு கூட வேண்டும்.

இனி அவசரமில்லாதவை.

பால் குறைகிறது, மாடும் மெலிகிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 350 கிலோ எடையுள்ள ஜெர்சி கலப்புப் பசுவுக்கு எடையில் 2.5 முதல் 3 சதவீதம், அதாவது 9, 10 கிலோ உலர்பொருள் தினமும் வேண்டும். உலர்பொருள் என்றால் தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுவது. 25 கிலோ கம்பு நேப்பியர் புல்லில், 100 கிலோவுக்கு 20 கிலோ என்று பார்த்தால், 5 கிலோ தேறும். தொடர்மழையில் வெட்டிய இளம்புல்லில் 15 தான் என்றால் நாலு கிலோவுக்கும் கீழே. வாழைத்தடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கூடை வாழைத்தடை மாட்டின் நேரத்தைப் போக்கும், அவ்வளவுதான். நமக்கு ரெண்டு மழை, தென்மேற்கும் வடகிழக்கும், ஆகவே வருஷத்தில் பாதி நாள் இந்தத் தண்ணிப் புல்தான். மழை மாதங்களில் புல்லை வெட்டி அரைநாள் வாடவிட்டுக் கொடுங்கள், கூட நாலைந்து கிலோ வைக்கோல் கட்டாயம்.

அடர்தீவனம் உடம்புக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ, அதன் மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வருகிறதல்லவா? நிறைய தொழுவத்தில் போவது இதில் பாதி. மீதியைக் கஞ்சித்தண்ணி நிரப்புவதாக நினைக்கிறோம்.

புண்ணாக்கு விஷயத்துக்கு வருவோம். நமக்கு எண்ணெய் ஆட்டும் மில் பக்கத்திலேயே இருப்பதால் தேங்காய்ப் புண்ணாக்குதான் கைக்கு வரும். ருசியானது, மாடு விரும்பும், பாலில் கொழுப்புக்கும் நல்லது. ஆனால் புரதம் 20 சதவீதத்தை ஒட்டித்தான். கடலைப் புண்ணாக்கில் 40 முதல் 45. எள்ளுப் புண்ணாக்கில் 35 முதல் 40. தோலோடு ஆட்டிய பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு தேங்காய்க்கு அருகில், தோல் நீக்கியது 36க்கு மேல். அரிசித் தவிட்டில் 12 முதல் 14, மக்காச்சோளத்தில் 8, 9, வைக்கோலில் 3, 4. ஆகவே தேங்காய்ப் புண்ணாக்கை மட்டும் நம்பியிருக்கும் மாட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கடலையோ எள்ளோ சேர்த்தால் ரெண்டு வாரத்துக்குள் பாலில் வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உலர்ந்த அசோலாவில் புரதம் 20 முதல் 25 சதவீதம் என்பது சரிதான், ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும்போது ஒரு கிலோவில் உலர்பொருள் 50, 60 கிராம்தான் இருக்கும். அப்படியென்றால் ரெண்டு கிலோ ஈர அசோலாவில் உள்ள புரதம் 100 கிராம் கடலைப் புண்ணாக்கில் உள்ளதைவிடக் குறைவு. கோழிக்கும் ஆட்டுக்கும் அருமை, 10 லிட்டர் மாட்டுக்குத் தொட்டுக்கொள்ள மட்டும். அதைவிட வேலியில் கிளைரிசிடியா, அகத்தி, தோட்டத்து ஓரத்தில் வேலிமசால் வைப்பது லாபம். சவுண்டல் (சுபாபுல்) இலையும் நல்ல புரதம், ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு காரணமாகப் பச்சைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

பால் இருக்கிறது, ஆனால் பால் சங்கத்தில் ஃபேட் (கொழுப்பு) அடிக்கவில்லை

நார் குறைவு. கஞ்சியும் மாவும் இளம்புல்லும் மட்டும் தின்னும் மாடு மென்று அசைபோடும் நேரம் குறைவு, கொழுப்புக்கு மூலப்பொருளான அசிட்டிக் அமிலம் இரைப்பையில் அதனால்தான் குறைகிறது. படுத்திருக்கும் மாடுகளை மதியம் போய்ப் பாருங்கள், பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வைக்கோலைக் கூட்டுங்கள், காலையில் கறந்ததும் முதலில் வைக்கோல், பிறகு அடர்தீவனம். எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிட்டில் 12 முதல் 18 சதவீதம் எண்ணெய் இருக்கும். அதை அள்ளிப் போட்டால் கொழுப்பு ஏறும் என்று நினைப்பது தப்பு, அளவு மீறினால் இறங்கும். கொழுப்பு சரியாக இருந்து எஸ்என்எஃப் (கொழுப்பு போகப் பாலில் உள்ள திடப்பொருள்) மட்டும் குறைந்தால் பெரும்பாலும் எரிசக்திக் குறைவு, மேலே சொன்ன கணக்குக்குத் திரும்புங்கள்.

சாணம் எப்படி இருக்கிறது?

கெட்டியாக உருண்டையாக விழுந்தால் தண்ணீரோ புரதமோ போதவில்லை, வைக்கோலே கதி என்று இருக்கும் மாட்டில் பார்க்கலாம். தண்ணியாகத் தெறித்தால் இளம்புல் அதிகம் அல்லது தீவனத்தைச் சட்டென்று மாற்றியிருக்கிறீர்கள். முழு மக்காச்சோளமும் பருத்திக்கொட்டையும் அப்படியே வெளியே வந்தால் பணம் சாணத்தில் போகிறது, உடைத்தோ அரைத்தோ கொடுங்கள்.

சினை நிற்கவில்லை, மண்ணையும் துணியையும் நக்குகிறது

ரெண்டும் ஒரே இடத்தைக் காட்டுவது உண்டு: தாது உப்பு, அதிலும் பாஸ்பரஸ். முதலில் குடற்புழு மருந்து, பிறகு தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, 30 கிராம் சாப்பாட்டு உப்பு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலவையும் கிடைக்கிறது. கல் உப்பு மட்டும் நக்கக் கொடுத்துவிட்டுத் தாது உப்பு கொடுத்ததாக நினைக்க வேண்டாம், அதில் பாஸ்பரஸோ துத்தநாகமோ கிடையாது. ரெண்டு மூன்று மாதம் விடாமல் கொடுத்தும் சினை ஊசி நிற்கவில்லை என்றால் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும், தீவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

திடீரென்று தொட்டியை ஒதுக்குகிறது, முகர்ந்து பார்த்துத் திரும்பிக்கொள்கிறது

மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடாகவோ கட்டியாகவோ மக்கின வாடையோடோ இருந்தால் பூஞ்சணம். நம்மூர் ஈரக்காற்றில் புண்ணாக்கு கெட்டுப்போக அதிக நாள் ஆகாது, குறிப்பாகக் கடலையும் தேங்காயும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் ஈரலைக் கெடுக்கும், பாலைக் குறைக்கும், அதில் ஒரு பங்கு பாலிலும் இறங்கும், அந்தப் பாலை நம் பிள்ளைகள்தான் குடிக்கிறார்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் காயும், விஷம் அப்படியே இருக்கும். ஆகவே அந்த மூட்டையைக் கோழிக்கும் போடாதீர்கள், கோழிக்குஞ்சும் வாத்தும் இன்னும் சீக்கிரம் சாகும். மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வேண்டாம்.

வைக்கோலும் இப்படித்தான். நாஞ்சில் நாட்டுக் கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுப்பு மழையில் மாட்டினால் வைக்கோல் கறுத்துவிடும், கும்பப்பூ (இரண்டாம் போகம்) வைக்கோல்தான் வெயிலில் காய்ந்து வரும். வாங்கிச் சேர்ப்பது என்றால் அப்போது வாங்குங்கள். காய்ந்த நல்ல வைக்கோலையும் மேம்படுத்தலாம்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் கழித்துத் திறந்து, நெடி போக ஆறவிட்டுக் கொடுத்தால் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கரையாத யூரியா நேராக வாய்க்குப் போனால் மாடு செத்துவிடும், ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஆடு, கன்று, கோழி

கிடா சிறுநீர் கழிக்க முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் தவிடு அதிகம். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு, கல் உண்டாகும். உடனே டாக்டர், அடைப்பு முற்றினால் சிறுநீர்ப்பை கிழியும். பலா இலை, அயனி இலை, கிளைரிசிடியா என்று தழையைக் கூட்டித் தவிட்டைக் குறையுங்கள். ரப்பருக்குத் தாமிர மருந்து அடித்த சமயம் அடியில் உள்ள புல்லை அறுக்காதீர்கள், செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் விஷம்.

கன்று பானை வயிறும் கரடுமுரடான மயிருமாக இருந்தால் புழு, இல்லையென்றால் பாலை நிறுத்திவிட்டுச் சீக்கிரமே வைக்கோலில் தள்ளியிருக்கிறீர்கள்.

முட்டை ஓடு மெல்லிசாக இருந்தால் கால்சியம். ஒரு கோழிக்கு நாளைக்கு நாலு கிராம் வேண்டும், கடற்கரைச் சிப்பியை இடித்துத் தனித் தட்டில் வைத்தால் வேண்டியதைத் தின்னும். கருவாட்டுத்தூள் நல்ல புரதம், ஆனால் உப்பிட்ட கருவாடு என்றால் குஞ்சு தண்ணீராகக் குடித்து, தண்ணீராகவே கழிந்து சாகும். உப்பிடாமல் காய்ந்ததை மட்டும் வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு மூட்டையைத்தான் மாற்ற வேண்டும் என்றால்

கம்பெனி பெயரை விட்டுவிட்டுப் பையில் அச்சடித்திருக்கும் புரதம், நார், ஈரப்பதம் மூன்றையும் படியுங்கள். புண்ணாக்கு என்றால் விலையைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு கிலோ 40 ரூபாய், புரதம் 20 சதவீதம் என்றால் ஒரு கிலோ புரதம் 200 ரூபாய்க்கு வருகிறது. கடலைப் புண்ணாக்கு கிலோ 60 ரூபாய், புரதம் 42 சதவீதம் என்றால் சுமார் 143 தான். கடையில் விலை அதிகமாகத் தெரிந்தது தொட்டியில் மலிவாகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். பிறகு பழையதில் கால் பங்கை எடுத்துப் புதியதைச் சேருங்கள், மூன்று நாளைக்கு ஒரு தடவை இன்னொரு கால் பங்கு. முழுதாக மாறப் பத்து நாள் ஆகும், அதுவரை பால் அளவைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.